கெடுதி

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்யதையும் கிடையாது. எங்கள் கிளை வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக் குழலை ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. அவரும் அதைச் சுட்டுப் பார்த்து வருஷக்கணக்காகிறது என்றார். இந்த லட்சணத்தில், குண்டு பட்டும் சாகாமல் ஓடிப்போன மிருகத்தைத் தேடிப் போவது பற்றி நான் எழுத வருவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சுடுவதைப் பற்றி அல்ல, சுட்ட பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுத உத்தேசம். அதற்குத் துப்பாக்கி தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கும் வேட்டை எழுத்தில் பெரும்பகுதி, கூர்ந்து பார்த்தால், சுடுவதைப் பற்றியதே அல்ல. விசையை அழுத்துவது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் இருபது பக்கம்.

ஜிம் கார்பெட்டை எடுத்துக்கொள்வோம். 1944-ல் வந்த அவருடைய குமாவோன் புத்தகம் நம்மிடையே சாகசப் புத்தகமாகப் படிக்கப்பட்டு, பையன்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கப்பட்டு, அந்த வகையில் தீர்த்துக்கட்டப்பட்டுவிட்டது. ஆனால் ஆரம்பப் பக்கங்களிலேயே அவர் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார். புலி மனிதனைத் தின்னத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு காயம் காரணம். அந்தக் காயம் முள்ளம்பன்றியிடம் பட்டதாக இருக்கலாம். யாரோ அஜாக்கிரதையாகச் சுட்டுவிட்டு, அடிபட்ட மிருகத்தைத் தேடிப் போகாமல் விட்டதாலும் இருக்கலாம். 1907-ல் சம்பாவத்தில் அவர் சுட்ட பெண்புலியின் வாயில் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதி, கீழ்ப்பல் எலும்புவரை. பழைய துப்பாக்கிக் காயம் என்கிறார். அந்தப் புலி நேபாளத்திலும் குமாவோனிலுமாகக் கொன்றது 436 பேர் என்பது அவர் தரும் கணக்கு.

அந்தப் பல்லை உடைத்தவன் யார் என்பது யாருக்கும் தெரியாது. அவன் புத்தகம் எழுதவில்லை. அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். குறி தப்பிவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம். கார்பெட்டின் கதைகளில் பலவற்றை, பெயர் தெரியாத ஒருவன் முடிக்காமல் விட்ட வேலையை வேறொருவன் முடிக்கப் போன கதைகளாகப் படித்தால் புத்தகமே வேறாகிவிடுகிறது. கதாநாயகன் இடம் மாறிவிடுகிறான். வராத ஒருவனைச் சுற்றி எல்லாம் நடக்கிறது.

இதெல்லாம் கல்லூரியில் தோன்றிய சிந்தனை இல்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்குக் கல்லூரியில் சிந்தனை எதுவும் தோன்றுவதற்கில்லை. தேன்கனிக்கோட்டைக்கு மாற்றலாகி வந்த பிறகு தோன்றியது. வந்த முதல் வாரத்தில் பாஸ் புத்தகங்களில் முகவரிகளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஜவளகிரி, அஞ்செட்டி. எல்லாம் கென்னத் ஆண்டர்சனின் புத்தகத்தில் பள்ளிப் பருவத்தில் படித்த பெயர்கள். ஆண்டர்சன் பெங்களூர்க்காரர். 1910-ல் பிறந்து 1974-ல் இறந்தவர். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரிப் புலி வந்துவிடுகிறது. எனக்கு அவை புலி உலவும் கற்பனை ஊர்களாக இருந்தன. இப்போது அந்த ஊர்க்காரர்கள் நகைக்கடன் வட்டி கட்ட வரிசையில் நின்றார்கள்.

அவர்களில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியோர் உதவித்தொகை வாங்க மாதம் ஒருமுறை வருவார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். விரல் ரேகை தேய்ந்துபோய் மிஷினில் விழாது. கட்டை விரலைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, திரும்பத் திரும்ப வைத்து, நாலாவது ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரிவதற்குள் பேச நேரம் கிடைக்கும். அப்படி ஒரு நாளில்தான் பதினாறு பதினேழு வயதில் துரைமார்களோடு காட்டுக்குப் போனவர் என்று தெரிந்தது. துப்பாக்கி பிடிக்க அல்ல. அடி பார்க்க. இவருக்குச் சித்தப்பா முறையான ஒருவர் அதில் கெட்டிக்காரராம். இவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போய்க் கற்றுக்கொண்டவர்.

"அதில் ஆண்டர்சன் துரை உண்டா?" என்று ஆர்வத்தோடு கேட்டேன்.

"பேரெல்லாம் எங்களுக்கு எங்க தெரியும் சார்? எல்லாரும் துரைதான்."

இலக்கிய ஆர்வத்துக்கு விழுந்த முதல் அடி இது. பிறகு சனிக்கிழமைகளில், விடுமுறையாக இருந்தால், அவருடைய ஊருக்கு வண்டியில் போக ஆரம்பித்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர் சொன்னதையும், நான் வேட்டைப் புத்தகங்களில் படித்ததையும் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தது இது.

சுட்டவுடன் ஓடக்கூடாது. மிருகம் நின்ற இடத்தை மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். இருக்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும் இடம், அங்கே போய் நின்றால் வேறு மாதிரி ஆகிவிடும். பலர் தவறுவது இங்கேதான். பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டும், எந்தப் பக்கம் ஓடியது, எங்கே சத்தம் நின்றது என்று. பிறகு காத்திருக்க வேண்டும். அரை மணி, சில காயங்களுக்கு அதற்கும் மேல். துரத்தாவிட்டால் மிருகம் கொஞ்ச தூரத்திலேயே படுத்துவிடும். படுத்தால் காயம் இறுகி எழுவது கஷ்டமாகும். துரத்தினால் பயத்தின் பலத்திலேயே மைல் கணக்கில் போய்விடும். துடிக்கும் ஒன்றைத் துடிக்கவிட்டுக் காத்திருப்பதுதான் அதற்குச் செய்யும் உதவி என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

பிறகு ரத்தம். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும். அதிக தூரம் போகாது. ஈரலில் பட்டிருந்தால் கருஞ்சிவப்பு. வயிற்றில் பட்டிருந்தால் ரத்தம் குறைவு, பச்சையாகத் தழைக் குழம்பும் நாற்றமும் இருக்கும். அதுதான் மோசமான காயம். மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீரைத் தேடிப் போகும். காலில் பட்டது முதலில் நிறையக் கொட்டிப் போகப் போகச் சொட்டாகி நின்றுவிடும். ரத்தம் நிற்பது காயம் ஆறியதால் அல்ல. இலையில் எந்த உயரத்தில் பட்டிருக்கிறது என்பதை வைத்துக் காயத்தின் உயரம் தெரியும். துளி எந்தப் பக்கம் கூர்ந்து சிதறியிருக்கிறது என்பதை வைத்துப் போன திசை தெரியும். தடத்தின்மேல் நடக்கக்கூடாது, பக்கத்தில் நடக்க வேண்டும். கடைசியாக ரத்தம் கண்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வர இடம் இருக்காது. அடுத்தது கிடைக்காவிட்டால் குச்சியை மையமாக வைத்து அரைவட்டம், பிறகு அதைவிடப் பெரிய அரைவட்டம்.

"எறும்பைப் பாருங்க," என்பார் பெரியவர். "நமக்குத் தெரியாத துளி அதுக்குத் தெரியும்."

இன்னொன்று சொன்னார். புத்தகங்களில் பலமுறை கண்ணில் பட்டும் நான் கவனிக்காமல் தாண்டிப் போனது. அடி பார்க்கிறவன் தரையை மட்டுமே பார்ப்பான். நிமிர மாட்டான். அவனுக்குப் பின்னால் வருகிற துப்பாக்கிக்காரன் தரையைப் பார்க்கவே கூடாது, முன்னால் உள்ள புதரை மட்டுமே பார்க்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஆக, காயம்பட்ட சிறுத்தை இருக்கும் புதருக்குள் முதலில் போகிறவன் கையில் ஒன்றுமில்லாதவன், குனிந்திருக்கிறவன். அவன் கண்ணை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். புத்தகம் எழுதியது பெரும்பாலும் பின்னால் வந்தவன். தரையில் இருந்த எழுத்தை ஒருவன் படித்தான், நூலை இன்னொருவன் எழுதினான்.

ஒரு கதை சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு துரை, மாலையில் பரண்மேலிருந்து ஒரு சிறுத்தையைச் சுட்டார். விழுந்து எழுந்து போய்விட்டது. இரவில் தேட முடியாது. காலையில் மூவரும் போனார்கள். மதியம்வரை தடம் இருந்தது. துரைக்கு ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சித்தப்பா மட்டும் அன்று மாலையும் மறுநாள் முழுவதும் தேடினார், துப்பாக்கி இல்லாமல், கையில் ஒரு கொடுவாளோடு. மூன்றாம் நாள் கழுகுகள் இறங்குவதைப் பார்த்துப் போனால் ஒரு பாறைச் சந்தில் செத்துக் கிடந்தது.

எனக்கு மெய்சிலிர்த்தது. இதோ தார்மீகம் என்று மனதுக்குள் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். "எதற்காகப் போனார் தாத்தா?" என்றேன்.

"தோலுக்குத்தான் சார். கொண்டாந்து குடுத்தா காசு தரேன்னு துரை சொல்லிட்டுப் போயிருந்தாரு. தோல் அழுகிப்போச்சு. காசு வரலை."

"அழுகியிருக்கும் என்று தெரிந்துமா மூன்றாம் நாள் போனார்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்க போட்டுச்சுன்னு தெரிய வேணாமா?" என்றார்.

அந்தக் கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகள், இப்போது இந்தப் பக்கம் கிடையாது. மாட்டுக்குப் போட்ட டைக்லோபினாக் என்ற வலி மருந்து பிணத்தின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து, தொண்ணூறுகளிலிருந்து நாடு முழுவதும் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மோயாற்றுப் பக்கம் கொஞ்சம் மிச்சம். காட்டில் ஒன்று எங்கே செத்துக் கிடக்கிறது என்று வானத்திலிருந்து சொல்ல இங்கே இப்போது ஆளில்லை.

வேட்டையும் கிடையாது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. முடிந்தது நல்லதுதான், அதில் எனக்கு ஏக்கம் எதுவுமில்லை. 2014-ல் இந்தக் காடுகளில் ஒரு பகுதி காவேரி வடக்கு சரணாலயமாகிவிட்டது. ஆனால் வேட்டை இன்னும் நடக்கிற தேசங்களில் இந்தத் தேடல் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஜெர்மனியில் அடிபட்ட மிருகத்தை வேதனையோடு விட்டுவிடக்கூடாது என்பது சட்டம். தேடுவதற்கென்றே ஹனோவர் நாய் என்று ஓர் இனத்தை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வேட்டைக்காரர்களின் பாஷையில், அடிபட்ட மிருகத்தின் ரத்தத்தை ரத்தம் என்று சொல்வதில்லை. வியர்வைக்கு உள்ள சொல்லைத்தான் சொல்கிறார்கள். இது மரியாதையா மறைப்பா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை போலும்.

ஹெமிங்வேக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும். 1936-ல் வந்த மக்கோம்பர் கதையில், பணக்கார அமெரிக்கன் ஒருவன் ஆப்பிரிக்காவில் ஒரு சிங்கத்தை வயிற்றில் சுட்டுவிடுகிறான். அது உயரமான புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. இனி உள்ளே போக வேண்டும். மக்கோம்பருக்குப் பயம். புல்லைக் கொளுத்தலாமா என்கிறான், பச்சையாக இருக்கிறது. ஆட்களை விட்டுக் கலைக்கலாமா என்கிறான், ஒருவனாவது கிழிபடுவான். கடைசியில், விட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்கிறான். வழிகாட்டியான வில்சனுக்கு இந்தக் கேள்வி பயத்தைவிட ஆபாசமாகப் படுகிறது. படவே இல்லை என்று நமக்கு நாமே நடிப்பதா என்பதுதான் அவன் புரிந்துகொண்ட அர்த்தம். அவன் சொல்லும் காரணங்கள் இரண்டு: மிருகம் வேதனைப்படும், வேறு யாராவது தெரியாமல் அதன்மேல் போய் விழக்கூடும். கார்பெட் சொன்னதேதான்.

இந்தக் கதையைப் பி.ஏ. இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு நடத்தினார்கள். தைரியம், கோழைத்தனம், ஆண்மை, மனைவியின் துப்பாக்கி என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். இப்போது மீண்டும் படிக்கும்போது வேறொரு இடத்தில் தடுக்கினேன். துப்பாக்கி தூக்கும் ஆப்பிரிக்கர்கள் என்ன செய்வார்கள் என்று மக்கோம்பர் கேட்கிறான். அவர்களும் வருவார்கள், அதற்கு ஒப்பந்தம் போட்டவர்கள் என்கிறான் வில்சன். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். பிறகு அவர்களில் ஒருவன்தான் முன்னால், ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு போகிறான். கைநாட்டு வாங்கும் வேலையில் இருப்பவன் இந்த வரியைச் சுலபத்தில் தாண்டிவிட முடியாது. எங்கள் பேராசிரியர் தாண்டிவிட்டார். நாங்களும்தான்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1935-ல், அதே ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா' வந்தது. உண்மை நடப்பு என்று சொல்லி எழுதிய புத்தகம். அதன் இறுதிப் பகுதியில் சேபிள் என்ற கரிய மான் ஒன்றை அவர் சுடுகிறார். அடி படுகிறது, சரியான இடத்தில் படவில்லை. தேடுகிறார்கள். ரத்தம் குறைகிறது, நிற்கிறது, தடம் கலைகிறது. கிடைக்கவில்லை. அவ்வளவுதான், கிடைக்கவே இல்லை. இரவில் கழுதைப்புலிகள் அதை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். தன்மீது வெறுப்பு வருகிறது. இதே புத்தகத்தில் வேறோர் இடத்தில், மான்டானாவில் 1930-ல் நடந்த கார் விபத்தில் கை முறிந்து, ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாமல் கிடந்த நாட்களைச் சொல்கிறார். தோள் உடைந்து தப்பிப்போன ஒரு மான் என்ன அனுபவிக்கும் என்று அந்த இரவில் நினைத்துப் பார்த்தாராம். நினைத்துப் பார்த்த பிறகும் வேட்டையை விடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். உண்மையில் மிருகம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் எழுதிய கதையில் மிருகம் கிடைத்தே ஆக வேண்டியிருந்தது. அந்தச் சிங்கத்துக்குள்ளேயே புகுந்து, வயிற்றில் குண்டு கிழித்துக்கொண்டு போகும் குமட்டலைச் சிங்கத்தின் பக்கமிருந்து எழுதுகிறார். கதையின் அபூர்வமான இடம் அது. நேரில் தேடிக் கிடைக்காத ஒன்றைப் பக்கத்தில் தேடிப் பிடித்திருக்கிறார் என்று சொல்லலாம். பிடித்ததும் அதை வைத்து என்ன செய்தார்? ஒரு மனிதனின் தைரியத்தை அளக்கும் கோலாக ஆக்கினார். சிங்கம் சாட்சியாகிவிட்டது. கதை மக்கோம்பருடையது. இந்த இரண்டு புத்தகங்களில் எனக்கு நம்பகமானது கிடைக்காமல் போன சேபிள்தான். கலை வெற்றி என்று பார்த்தால் கதை எங்கேயோ இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

புத்தக மதிப்புரை எழுதுகிறவன் இதையெல்லாம் தன் தொழிலுக்கு உவமையாக்கிக்கொள்ளலாம். சுலபம். சுலபமாக இருப்பதாலேயே அதை விட்டுவிடுகிறேன்.

இனி என் பங்கு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை இரவு, அஞ்செட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். காட்டுச் சாலை. ஒரு வளைவில் இடப்பக்கத்திலிருந்து புள்ளிமான்கள் குறுக்கே பாய்ந்தன. இரண்டு தாண்டிவிட்டன. மூன்றாவதின் பின்பக்கத்தில் வண்டி மோதி, நான் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மான் ரோட்டில் கிடந்து குளம்புகளால் தாரைப் பிறாண்டியது. அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. பிறகு எழுந்து வலப்பக்கத்து உண்ணிப் புதருக்குள் போயிற்று. நான் செல்போன் விளக்கைப் போட்டேன். தாரில் ரத்தம் இருந்தது. புதரில் கொஞ்ச நேரம் சலசலப்பு, பிறகு இல்லை.

மூன்று நிமிஷம் நின்றிருப்பேன். யானை நடமாட்டம் உள்ள சாலை என்பது ஒரு காரணம். காட்டுக்குள் கால் வைப்பது குற்றம் என்பது இன்னொன்று. நான் போய் என்ன செய்துவிட முடியும் என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமானவை. வில்சனிடம்கூட இவற்றுக்குப் பதில் இருந்திருக்காது. வண்டியை நிமிர்த்திக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மக்கோம்பரைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன்.

காலையில் வனத்துறைக்குப் போனில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவரிடம் போனேன். வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதெல்லாம் வேறு. "எந்தக் கால் தூக்கிச்சு?" தெரியவில்லை என்றேன். "எந்துரிக்கும்போது தலை எந்தப் பக்கம்?" தெரியவில்லை. "ரத்தம் எப்படி, சொட்டா, பூசினாப்பலயா?" பூசியது போல என்றுதான் நினைவு, நிச்சயமில்லை. விட்டுவிட்டு வந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்காமல் வந்ததுதான் அவருக்குப் புரியவில்லை. "பக்கத்துலதானே சார் நின்னீங்க?" என்றார்.

வண்டியில் கூட்டிப் போனேன். உடைந்த இண்டிகேட்டர் கண்ணாடி கிடந்ததால் இடம் தெரிந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் கீழ பாக்கறேன். நீங்க முன்னால மட்டும் பாருங்க. கீழ பாக்காதீங்க" என்றார். அப்படித்தான் வாழ்க்கையில் முதல்முறையாக, கையில் துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக்காரனாக நடந்தேன். யானை வந்தால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. ஓடுவது என்பதுதான் பதிலாக இருந்திருக்கும், அவரால் ஓட முடியாது.

பத்தடியில் முழங்கால் உயரத்தில் இலையில் ரத்தம், காய்ந்து பழுப்பாக. மண் இளகியிருந்த இடத்தில் மூன்று குளம்பு அழுத்தமாகவும் நான்காவது ஒரு கோடாகவும் பதிந்திருந்தது. "பின்னங்கால், வலது," என்றார் எனக்குத் தெரியப்படுத்துவதுபோல. தவறு செய்து நானும் கீழே பார்த்தேன். அதட்டினார். ஐம்பது அறுபது அடி தள்ளிப் படுத்த இடம் இருந்தது. புல் மசிந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த ரத்தம், சில வெள்ளை மயிர், எறும்பு. நான் போனில் விளக்குப் போட்டுப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது இங்கேதான் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். பிறகு எழுந்திருக்கிறது. மேலும் சில துளிகள். பிறகு வறண்ட ஓடை, கல். கல்லில் ஒன்றுமில்லை.

பெரியவர் ஒரு குச்சியை ஒடித்து ஓடைக்கரையில் நட்டார். அரைவட்டம் போனார். திரும்பி வந்து பெரிய அரைவட்டம் போனார். ஒன்றரை மணிநேரம். கண்ணுக்குத் திரை போட்ட மனிதர், முகத்தைத் தரைக்கு அரையடி தூரத்தில் வைத்துக்கொண்டு. அக்கரையில் வன எல்லைக் கல் வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் தாண்ட நான்தான் வேண்டாமென்றேன். அவர் கேட்டுக்கொண்டார்.

பிழைத்திருக்குமா என்று கேட்டேன்.

"மூணு காலோட மான் மேய்ஞ்சு பாத்திருக்கேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "செந்நாய் இருக்கிற காட்டுல பாத்ததில்லை."

கோவை நூல்களில் ஒரு வழக்கம் உண்டு. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் நிற்க, தலைவன் வந்து, அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். திருக்கோவையாரில் துறைகளின் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தால் போதும். வேழம் வினாதல். அடுத்தது கலைமான் வினாதல். அடுத்தது வழி வினாதல். பிறகு ஊர், பெயர். யானை மானாகி, மான் வழியாகி, வழி பெண்ணின் ஊராகிவிடுகிறது. அடிபட்ட யானை என்று ஒன்று கிடையாது. அது பேச்சுத் தொடங்க ஒரு சாக்கு. தோழிக்கும் அது தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும், எல்லோரும் ரசிக்கிறோம். தொல்காப்பியக் களவியல் இதற்குக் கொடுத்திருக்கும் சொல் கெடுதி. தொலைந்துபோன பொருள் என்று அர்த்தம். இன்றைக்கு அந்தச் சொல்லுக்குத் தீங்கு என்று பொருள் ஆகிவிட்டது.

பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை. அந்தத் துறையில் எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். அத்தனை அம்பு பட்ட யானைகளில் ஒன்றைக்கூட யாரும் தேடிப் போகவில்லை. ஹெமிங்வேக்குச் சிங்கம் தைரியத்துக்குச் சாக்கு. நம்மவர்களுக்கு யானை காதலுக்குச் சாக்கு. அந்தப் பெரியவரின் சித்தப்பா மட்டும் மூன்றாம் நாள் எந்தச் சாக்கும் மிஞ்சாமல் போயிருக்கிறார். இப்போது நானும் ஒரு மானை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த மாதம் பெரியவர் வந்தார். வழக்கம்போல ரேகை விழவில்லை. துடைத்து, எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தவர், கவுண்டர் கம்பி வழியாகக் குனிந்து, "அந்தப் பக்கம் போனீங்களா சார்? குச்சி இருக்குதா?" என்று கேட்டார்.

இல்லை, போகவில்லை என்றேன்.

"மழை பேஞ்சிருக்கு," என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. விரலை மறுபடியும் வைக்கச் சொன்னேன்.